பனியன் வேஸ்ட் பேண்டும் என் வலது காலும்

10.6.2007, ஞாயிறு

இன்றைக்கும் அம்மாவிடம் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மூன்று மாதமாக இதே பொய். "இந்நேரம் கம்ப்யூட்டரையே கழட்டி மாட்டியிருப்பியே" என்று அம்மா கேட்டது. சந்தேகப்பட்டுக் கேட்கிறதா, சும்மா வாயைக் கிளறுகிறதா, தெரியவில்லை.

போனது வீரபாண்டி பனியன் வேஸ்ட் குடோனுக்கு. கம்பெனிகளில் வெட்டி மிஞ்சின துணியை வாங்கி மூட்டை கட்டி விற்கிற இடம். தரணீதரனுடைய அப்பா மாரப்பன் நடத்துகிறார். தரணி பெங்களூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் ஒரு எலக்ட்ரிக் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினவன். நேரில் தரணி அண்ணா. இந்த நோட்டுக்குள் வெறும் தரணி, யார் வந்து கேட்கப்போகிறார்கள். பாஸ் கிடார் ராபின் அண்ணன். நான் தைக்கிற பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். தூத்துக்குடிப் பக்கம், சர்ச்சில் கீபோர்டு வாசித்த கை. டிரம்ஸ் நான். இந்த மூன்று பேர்தான் பேண்டு.

என்னை இழுத்துவிட்டது ராபின் அண்ணன்தான். சர்ச்சில் கழித்துப்போட்ட டிரம் செட் கிடைத்திருக்கிறது, வாசிக்க ஆளில்லை. நாளெல்லாம் ஓவர்லாக் பெடலை மிதிக்கிற பிள்ளை இதை மிதிக்க மாட்டாளா என்று கேட்டார். எனக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது. போய் உட்கார்ந்து அழுத்தினேன். தையல் மிஷின் மாதிரி அழுத்தினால் ஓடும் என்று பார்த்தால் தொம் என்று ஒரே ஒரு அடி. அட இதை எப்படி ஓடவைப்பது என்று கால் நடுங்க நடுங்க மிதித்தேன், கையும் கூடவே போனது. தரணி கிடாரைக் கழுத்தில் மாட்டியபடி நின்று பார்த்தான். "இதையே வாசிங்க. யார்கிட்டயும் போயி கத்துக்காதீங்க" என்றான்.

என்னைப் பார்த்து கத்துக்காதே என்று சொன்ன ஒரே ஆள் இதுவரைக்கும் அவன்தான்.

13.6.2007, புதன்

நாம் வாசிப்பதற்குப் பெயர் போஸ்ட்-பங்க், கொஞ்சம் நாய்ஸ் ராக் என்று தரணி சொல்லியிருந்தான். போஸ்ட் என்றால் பின்னாடி. எதுக்குப் பின்னாடி? இன்றைக்கு டீ டைமில் ராபின் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். பங்க் என்பது கோபத்தில் கத்தினவர்கள், அதற்குப் பின்னாடி வந்தவர்கள் ஏன் கத்துகிறோம் என்று யோசித்துக்கொண்டே கத்தினவர்கள் என்றார். அப்படியானால் நான் பிறந்ததிலிருந்தே போஸ்ட்-பங்க்தான்.

24.6.2007, ஞாயிறு

எங்கள் சத்தத்தை எழுதிவைக்கணும் என்று ரொம்ப நாளாக ஆசை. எழுத வருமா பார்க்கிறேன்.

குடோனில் நாலு பக்கமும் வேஸ்ட் மூட்டை, கூரை வரைக்கும். கைதட்டினால் தட்டின இடத்திலேயே சத்தம் செத்துவிடும். அதனால் எதை அடித்தாலும் வறட்டுச் சத்தமாக, பக்கத்திலேயே கேட்கும். நான் தடதடவென்று ஓடுவேன், டக்கென்று நிற்பேன், மறுபடி ஓடுவேன். நிற்கிற அந்த இடைவெளியில் தரணி ஸ்டீல் ஸ்கேலைக் கிடார் கம்பிக்கு நடுவில் செருகி இழுப்பான். பல் கூசும். ராபின் அண்ணனின் பாஸ் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் கீழே ஒரே சுரத்தில் நடந்துகொண்டிருக்கும். அது இல்லை என்றால் நாங்கள் எல்லாம் விழுந்துவிடுவோம்.

பாட்டு ஒன்றுதான் முழுசாக வந்திருக்கிறது. 'முறுக்கிப் பிழியாதே.' பனியனுக்குள் ஒரு குட்டி லேபிள் தைப்போமே, எப்படித் துவைக்கணும் என்று, அதைத் தமிழில் ஆக்கித் தரணி கத்துகிறான். ப்ளீச் போடாதே. முறுக்கிப் பிழியாதே. நிழலில் காயவை. ஒருவர் இன்னொருவரிடம் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். நாலாவது தடவை ஏனோ சிரிப்பு வரவில்லை.

மாரப்பன் ஐயா எட்டிப் பார்த்தார். "ஏனுங் கண்ணு, மோட்டர் ஏதாச்சும் வீணாப் போச்சுங்களா?" என்று என்னிடம் கேட்டார். இல்லீங்க, பாட்டுங்க என்றேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பேண்டுக்கு 'பனியன் வேஸ்ட்' என்று பெயர் வைத்ததும் இன்றைக்குத்தான். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ராபின் அண்ணன் வாட்ச் வைத்துப் பார்த்தார். பாட்டு நாலு நிமிடம் நாற்பது செகண்ட்.

8.7.2007, ஞாயிறு

மறுபடியும் நாலு நாற்பது. நான் எண்ணுவதே இல்லை. கால் தானாக நிற்கிறது, பாட்டும் முடிந்திருக்கிறது. எப்படி?

19.8.2007, ஞாயிறு

என்னவோ ஆகிவிட்டது. அதே பாட்டு இன்றைக்கு மூன்று நிமிடம் பத்து செகண்டில் முடிந்துவிட்டது. மறுபடி வாசித்தோம், மூன்று எட்டு. அவசரப்படவில்லை, சத்தியமாக இல்லை. போன மாதம் வாசித்த மாதிரிதான் வாசித்தேன். தரணி 'முறுக்கிப் பிழியாதே' சொல்லி முடிப்பதற்குள் நான் நின்றுவிடுகிறேன். 'முறுக்கிப் பிழி' என்ற இடத்திலேயே அவன் வாய் மூடவேண்டியிருக்கிறது. அர்த்தமே தலைகீழ். ராபின் அண்ணன் சிரித்துவிட்டார், தரணி சிரிக்கவில்லை.

"ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா?" என்று கேட்டான். நல்லாத்தானே இருக்கேன்.

15.9.2007, சனி

கோயமுத்தூர் காலேஜ் ஒன்றில் விழா. எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். மூன்று நிமிடத்தில் ஒயரைப் பிடுங்கினார்கள்.

பிடுங்கினது பற்றிக்கூட எனக்கு வருத்தம் இல்லை. தரணி எப்போதாவது பிடுங்குவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தான். ஆனால் அதற்கு முன்னாடியே பாட்டு சிதறிவிட்டது. அவன் ஒரு வரி பின்னாடி, நான் ஒரு வரி முன்னாடி, ராபின் அண்ணன் யார் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில். பையன்கள் சிரித்தார்கள். பொம்பளப் பிள்ளை டிரம்ஸ் வாசிக்கிறாள் என்று முதலில் விசில் அடித்தவன்தான் கடைசியில் அதிகம் சிரித்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தரணி என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

7.10.2007, ஞாயிறு

பெங்களூரில் தரணியின் காலேஜ் நண்பன் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறான். டிசம்பர் 9 ஒரு நாள் எங்களுக்கு. பாட்டைப் பதிவு செய்து சிடி போடலாம். சந்தோஷத்தில் நான் டிரம்மைத் தட்டப்போனேன்.

அப்புறம் சொன்னான். காலேஜில் எடுத்த வீடியோவை அந்த நண்பன் பார்த்தானாம். டிரம்ஸ் நேரம் நிற்கவில்லை, தன்னிடம் நல்ல டிரம்மர் ஒருவன் இருக்கிறான், அன்றைக்கு அவனை வைத்துக்கொள் என்று சொன்னானாம்.

"நீங்க நேரம் புடிச்சிட்டீங்கன்னா நீங்கதானுங்க. இல்லீன்னா எனக்கு வேற வழி இல்லீங்க வேல்விழி."

மரியாதையாகத்தான் சொன்னான். இந்தக் கொங்குக்காரய்ங்க கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பாய்ங்க. சரிங்க என்று சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் விளக்கும்போதுதான் அழுகை வந்துச்சு. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு ஸ்டூலு. வாரத்துல ஒரு நாளு, ஒரு மூணு மணி நேரம். அதுலயும் ஒருத்தன் வந்து உக்காருவானா?

14.10.2007, ஞாயிறு

டிக் டிக் என்று அடிக்கிற ஒரு குட்டிப் பெட்டி கொண்டுவந்தான் தரணி. அதைக் காதில் மாட்டிக்கொண்டு வாசித்தேன். நேரம் பிசகவில்லை. நின்று ஓடுகிறது மட்டும் போய்விட்டது. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் போகிற மாதிரி ஒரே சீர். ஸ்கேலை இழுக்க இடமே இல்லாமல் தரணி நின்றான். முடிந்ததும் பெட்டியை அவனே அணைத்து வைத்துவிட்டான்.

கோபம் தணிந்ததும் வேறொன்று குடைகிறது. ஜூனில் நாலு நாற்பது. ஜூலையிலும் அதே. ஆகஸ்டில் மூன்று பத்து. போன வாரம் மூன்று ஐம்பது. தாறுமாறாக வாசிக்கிறவளாக இருந்தால் ஒரே நாளில் தாறுமாறாக இருக்கணும். எனக்கு மாசம் மாசமாக மாறுகிறது. ஒரு மாசத்துக்குள் பிசகுவதே இல்லை. எது அது?

இதைக் கண்டுபிடிக்காமல் விட மாட்டேன்.

28.10.2007, ஞாயிறு

காபி குடித்தால் குடிக்காவிட்டால் என்று பார்த்தேன். தூக்கம், வெயில், மழை, மாசத்து நாள், குடோனில் எத்தனை மூட்டை இருக்கிறது, செருப்போடா வெறுங்காலா. ஒன்றும் ஒத்துவரவில்லை. ராபின் அண்ணன் போன மாதங்களில் டேப்பில் பதிந்து வைத்ததை எல்லாம் கேட்டு வாங்கிவந்திருக்கிறேன்.

14.11.2007, புதன்

மறக்கிறதுக்குள்ள எழுதிடணும்.

தீபாவளிக்கு அருப்புக்கோட்டை போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினோம். கம்பெனி திங்கட்கிழமைதான் திறக்கிறது. மத்தியானம் அம்மா கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. நான் ரேடியோ கேட்கிற மாதிரி, கிடார் சத்தம் ரொம்பத் தெரியாத ஒரு டேப்பை மெதுவாகப் போட்டேன். ஆகஸ்டு மாதத்து டேப்பு. அம்மா வெங்காயத்தை வைத்துவிட்டு இடது கையை நீட்டியது. எடுத்தது. மறுபடி நீட்டியது. அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. என்னம்மா பண்ணுற என்று கேட்டேன். தன் கையைப் பார்த்து அதுக்கே வெட்கமாகிவிட்டது.

"யாருடி இது சைடு தைக்கிறது? பிள்ளைக சைஸு போல, சட்டு சட்டுன்னு முடியுது."

அம்மா மருதம்மாள் எனக்குக் கைமடி. கம்பெனியில் என் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பீஸை ஜோடி சேர்த்து என் கையில் கொடுத்து, தைத்து வருவதை வாங்கி வைக்கிற வேலை. ஆறு வருசமாக என் மிஷின் சத்தத்தைக் கேட்டுத்தான் கையை நீட்டுகிறது. நான் தைப்பது சைடு மட்டும்தான். கை நுனியில் ஆரம்பித்து அக்குள் வரை சின்ன ஓட்டம். அக்குளில் துணியைத் திருப்ப ஒரு நிறுத்தம். அப்புறம் இடுப்பு வரை நீள ஓட்டம். ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம்.

தடதட. நிறுத்தம். தடதடதடதட.

நான் டிரம்ஸே வாசிக்கல. எட்டு மாசமா சைடு தைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

15.11.2007, வியாழன்

ராபின் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் கட்டிங் ஆள் என்பதால் ஒவ்வொரு ஆர்டரின் அளவும் ஒரு நோட்டில் வைத்திருப்பார். ஜூன், ஜூலை: ஜெர்மனி ஆர்டர், ஆம்பளை எக்ஸ்எல். ஆகஸ்டு, செப்டம்பர்: நாலு வயசுப் பிள்ளைகள் சைஸ். அக்டோபர்: லேடீஸ் மீடியம். கட்டு ஒன்றுக்கு இருபது பீஸ். பாட்டிலும் இருபது சுற்று, எண்ணிப் பார்த்தோம், டேப்பு டேப்பாக, ஒன்றுகூட மாறவில்லை. கட்டு முடிந்ததும் என் கால் நின்றிருக்கிறது.

ராபின் அண்ணன் அளவு நோட்டை மூடிவைத்துவிட்டு இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டான் என்றார். பிறகு இரண்டு பேரும் அடக்கமாட்டாமல் சிரித்தோம்.

இரவு அம்மாவிடம் பெங்களூர் வரைக்கும் எல்லா உண்மையும் சொன்னேன். அடிக்கும் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. "மக கம்ப்யூட்டர் படிக்கிறான்னு ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிட்டு வந்திருக்கேனேடி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக்கொண்டது.

16.11.2007, வெள்ளி

சிரிப்பெல்லாம் போயாச்சு.

அப்போ வாசிக்கிறது யாரு? நானா, கம்பெனியா? ஆறு நாளு என் காலை அவய்ங்க எடுத்துக்கிறாய்ங்க, சரி, அது வேலை. ஏழாவது நாளும் அவய்ங்க ஆர்டர்தான் என் காலுல ஓடுதுன்னா எனக்குன்னு என்ன இருக்கு? ஜெர்மனிக்காரன் குண்டா இருந்தா என் பாட்டு நீளம், அவன் பிள்ளைக்குத் தைச்சா குட்டை. எனக்குன்னு ஒரு நீளம் கிடையாதா?

18.11.2007, ஞாயிறு

தரணியிடம் சொன்னோம். முதலில் கேலி என்று நினைத்தான். டேப்பையும் அளவு நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ராபின் அண்ணன் காட்டினார். தரணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். பாட்டை அவன் எழுதினது ஜூனில். வரி எல்லாம் எக்ஸ்எல் நீளத்துக்கு எழுதியிருக்கிறான், அவனுக்கே தெரியாமல்.

"இப்ப என்ன சைஸுங்க ஓடுது?" என்று கேட்டான். நாளையிலிருந்து என்ன கொடுப்பார்கள் என்று தெரியாது என்றேன். டிசம்பர் 9க்கு எக்ஸ்எல் வேணும், இல்லையென்றால் பெங்களூர்க்காரன் வருவான். அதை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

19.11.2007, திங்கள்

சூப்பர்வைசர் வெள்ளியங்கிரி அண்ணனிடம் போய் எனக்கு எக்ஸ்எல் லைன் வேணும் என்று கேட்டேன். மனுசன் மிரண்டுவிட்டார். பீஸ் ரேட்டில் எல்லாரும் பிள்ளைகள் சைஸுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள், சைடு குட்டை, பீஸ் அதிகம் ஏறும். பெரிய சைஸை யாரும் கேட்டு வாங்கினதே கிடையாது.

"ஏங் கண்ணு, யாரு கூடவாச்சும் சண்டையா? மிஷினு சரியில்லையா? எங்கிட்டச் சொல்லு" என்றார். ஆசையாக இருக்குங்க அண்ணா என்றேன். ஆசையா என்று திருப்பிக் கேட்டார்.  பிறகு எழுதிக்கொண்டார்.

பயம் அவரிடம் இல்லை, அம்மாவிடம்தான். எனக்குப் பீஸ் குறைந்தால் கைமடிக்கும் குறையும். மூன்று நாளாக என்னோடு பேசாத அம்மா, எக்ஸ்எல் கட்டு வந்து விழுந்ததும் அதையும் பார்த்தது, என்னையும் பார்த்தது.

"மூணு வாரம்தானே? கொடு. ஆனா பெங்களூருக்கு நானும் வருவேன். எவன் வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

10.12.2007, திங்கள்

காலையில் ரயிலிறங்கி நேரே கம்பெனி. கண் எரிகிறது. நேற்றைக்கு நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

ஸ்டுடியோ என்பது ஒரு படுக்கையறை, நடுவில் கண்ணாடித் தடுப்பு. தரணியின் நண்பன் நல்ல பையன்தான், ஆனால் அந்த டிரம்மரையும் கூப்பிட்டு வைத்திருந்தான், ஒருவேளை தேவைப்பட்டால் என்று. அவன் மூலையில் நாற்காலியில் குச்சியைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரலுக்கு விரல் தாவி வருகிறது குச்சி. எனக்கு அதெல்லாம் வராது.

முதல் தடவை எனக்குக் கால் விறைத்துவிட்டது. ஏழாவது சுற்றில் நின்றுவிட்டேன். இரண்டாவது தடவை நாலாவது சுற்று. நண்பன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரணியிடம் என்னவோ இங்கிலீஷில் சொன்னான். மூலையில் குச்சி சுழல்வது நின்றது. அவன் எழுந்திருக்கப் போகிறான் என்று தெரிந்தது.

அம்மா எழுந்தது. யாரிடமும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டுவந்து என் இடது பக்கம், கம்பெனியில் உட்காருகிற அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மடியில் கை வைத்துக்கொண்டு, "ம்" என்றது. காலை எட்டரைக்கு மெயின் போட்டதும் சொல்லுமே, அந்த 'ம்'.

நான் ஓட்டினேன். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஓரக்கண்ணில் அந்தக் கை நீண்டது, வாங்கியது, போனது. தரணி வரி ஒவ்வொன்றும் முழுசாக விழுந்தது. நிழலில் காயவை என்பதைக் கத்தாமல் மெதுவாகச் சொன்னான், அதற்குக்கூட இடம் இருந்தது. இருபதாவது சுற்றில் நின்றேன்.

நாலு நிமிடம் நாற்பத்தொன்று. அந்த டிரம்மர் வந்து இதை எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டான். அம்மா முந்திக்கொண்டு, "எண்ணக் கூடாது தம்பி, எண்ணுனா பீஸ் கோணிப்போகும்" என்றது. அவனுக்குத் தமிழ் அரைகுறை. பயபக்தியாகத் தலையாட்டினான்.

20.1.2008, ஞாயிறு

நூறு சிடி. உறை அட்டையில் போடவில்லை, வேஸ்ட் பனியன் துணியில் நானே ஓவர்லாக் போட்டுத் தைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு கலர். மாரப்பன் ஐயா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, தையலு நல்லா இருக்குதுங் கண்ணு என்றார். உள்ளே இருப்பதைப் பற்றிக் கருத்து ஒன்றும் சொல்லவில்லை.

2.3.2008, ஞாயிறு

போலந்திலிருந்து ஒருவர் மெயில் அனுப்பியிருக்கிறார். இணையத்தில் யாரோ ஏற்றினதைக் கேட்டாராம். இந்தத் தாளத்தின் கணக்கு என்ன, எந்த மரபு என்று கேட்டிருக்கிறார். ராபின் அண்ணன் பதில் போட்டார்: எக்ஸ்எல். பாவம், அந்த ஆள் எந்தப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்கிறாரோ.

13.7.2008, ஞாயிறு

இரண்டு தடவை பெங்களூர், ஒரு தடவை பாண்டிச்சேரி போய் வாசித்தாயிற்று. முப்பது பேர், நாற்பது பேர் வருகிறார்கள். அதே ஆட்கள்தான் மறுபடி வருகிறார்கள். அம்மாவுக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். புதுப் பாட்டு ஐந்து ஆகிவிட்டது. மீடியத்தில் இரண்டு, பிள்ளைகள் சைஸில் மூன்று. பிள்ளைகள் சைஸ் பாட்டுக்கு எல்லாரும் குதிக்கிறார்கள்.

சனிக்கிழமை ஆனால் தரணி போன் போடுகிறான். சாப்பிட்டீங்களா, எப்படி இருக்கீங்க, அதெல்லாம் கிடையாது. "இந்த வாரம் என்ன சைஸுங்க?" அதற்குத் தகுந்த பாட்டை எடுக்கணுமாம். அவனுக்கு இது பெரிய விளையாட்டு. எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கிறது. வெள்ளியங்கிரி அண்ணன் திங்கட்கிழமை சொல்வதுதான் ஞாயிற்றுக்கிழமை நான் வாசிப்பது. எனக்கு என்ன வாசிக்கணும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லையே. கேட்டால் என்ன பதில் வரும்?

9.11.2008, ஞாயிறு

அமெரிக்காவில் என்னவோ கவிழ்ந்துவிட்டதாம், இங்கே ஆர்டர் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேரைத் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் வேலை.

4.1.2009, ஞாயிறு

நேற்றோடு எங்கள் லைனை நிறுத்திவிட்டார்கள். ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார் வெள்ளியங்கிரி அண்ணன். மிஷினுக்குப் பழைய துணியைப் போட்டு மூடினேன். அம்மா தன் ஸ்டூலை மிஷினுக்கு அடியில் தள்ளிவைத்தது.

இன்றைக்கு மத்தியானம் குடோன் போனேன். காலில் இன்னும் போன வாரத்து மீடியம் இருந்தது. இது எத்தனை நாளைக்கு இருக்கும்? காலுக்குள்ள ஒண்ணுமே இல்லாமப் போனா அப்புறம் நான் யாரு அந்த ஸ்டூலுல?

18.1.2009, ஞாயிறு

பொங்கல் வாரம். பிராக்டிஸ் இல்லை. நல்லவேளை.

25.1.2009, ஞாயிறு

மிஷினைத் தொட்டு மூன்று வாரம். போகவே பயமாக இருந்தது. ராபின் அண்ணன் புதன்கிழமை மூட்டை முடிச்சோடு தூத்துக்குடி போகிறார், அங்கே ஏதோ உப்புக் கம்பெனியில் வேலை. அதனால் இன்றைக்குக் குடோனுக்குப் போகாமல் இருக்க முடியாது. அம்மாவும் வந்தது.

குடோனைப் பார்த்ததும் நின்றுவிட்டோம். கம்பெனிகளில் வெட்டினால்தானே வேஸ்ட் வரும். மூட்டை எல்லாம் விற்றுப்போய் ஒரே ஒரு மூட்டை நடுவில் கிடந்தது. கைதட்டினால் கூரை வரை போய்த் திரும்பி வருகிறது சத்தம். அம்மா போய் அந்த மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டது.

தரணி பழக்கத்தில் கேட்டுவிட்டான், "இன்னைக்கு என்ன சைஸுங்க?" கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஒரு சைஸும் இல்லீங்க அண்ணா என்றேன். அவன் கொஞ்ச நேரம் கிடார் ஒயரையே சுற்றிக்கொண்டு நின்றான். அப்புறம் கேட்டான்:

"அப்ப உங்களுக்கு எது வேணுமோ அதுங்களா?"

ஆரம்பித்தேன். முதலில் பழைய இடத்தில் நிற்கத்தான் கால் தேடியது, அக்குள் எங்கே, இடுப்பு எங்கே என்று. எதுவும் தட்டுப்படவில்லை.  சரி, நிற்காமல் போனால் எங்கே போகும், பார்ப்போமே என்று விட்டேன். அது போனது. போய்க்கொண்டே இருந்தது. எதிரொலி திரும்பி வந்து என் அடியோடு மோதியது, அதையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு இடத்தில் நிற்கத் தோன்றியது, நின்றேன், ரொம்ப நேரம் நின்றேன். தரணி ஸ்கேலை எடுத்தான், இழுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான். ராபின் அண்ணனின் பாஸ் மட்டும் நடந்தது. மறுபடி எனக்குத் தோன்றினபோது ஓடினேன்.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. ராபின் அண்ணன் வாட்சைப் பார்க்க மறந்துவிட்டார்.

முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு தடவைகூட நீட்டவில்லை. ஏம்மா, நல்லா இல்லையா என்று கேட்டேன்.

"இல்லடி. நீ எப்ப முடிப்பேன்னே தெரியல எனக்கு. அதான் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்."